நாலாவது மூலை

“கோடு ஒரு பக்கம் விழுது, பிளேடு ஒரு பக்கம் இறங்குது. இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

இதுதான் என் வீட்டுக்காரர் சொன்னது. ஒரு வார்த்தை நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உங்கள் கடைக்கு ஃபோன் செய்தபோதும் இதையேதான் அப்படியே சொன்னேன். நாலு தடவை. நாலு தடவையும் அந்தப் பெண் “பதிவு பண்ணிட்டோம் மேடம்” என்றாள். பதிவு செய்து என்ன செய்வாள், மனப்பாடமா செய்வாள்? கடைசியில் நானே கடையில் வந்து நின்றேன். அதனால்தான் இன்றைக்கு நீங்கள் இங்கே வந்து நிற்கிறீர்கள். வந்ததும் வராததுமாக, “யாரு மேடம் இதை மாட்டினது, சரியா மாட்டலேன்னா விலகத்தான் செய்யும்” என்கிறீர்கள்.

நான்தான் மாட்டினேன். ஏன் தம்பி, பொம்பளை மாட்டினால் லேசர் எரியாதா?

பையை அந்த ஸ்கூட்டி மேல் வைக்காதீர்கள். கீழே வையுங்கள். தூசிதான், பரவாயில்லை, கீழேயே வையுங்கள்.

நான் மாட்டின கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் கழற்றுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். பிளேடுக்கு மேலே இருக்கிற மூடியைத் தூக்கி, நடு போல்ட்டைக் கழற்றினேன். அது நேர்மாறான மரை. கழற்றுவதற்கு வலது பக்கம் திருப்ப வேண்டும். எத்தனை ஆம்பளைகள் அதை இடது பக்கம் திருப்பி, இறுக்கி, திட்டி, சுத்தியலால் அடித்திருப்பார்கள் சொல்லுங்கள். நான் தாளைப் படித்தேன். எங்கள் ஸ்கூலில் மதர் ரோஸ்லின், கேள்வித்தாளை இரண்டு தடவை படிக்காமல் பேனாவைத் தொட்டால் விரல் முட்டியில் ஸ்கேலால் அடிப்பார்கள். போல்ட்டுக்கு அடியில் இருக்கிற வாஷரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் லேசர் வட்டை. பிளேடு சுற்றும்போது அதுவும் கூடச் சுற்றும், மரத்தின் மேல் சிவப்புக் கோடு விழும், கோட்டுக்கு வலது பக்கம் வெட்டும். அவ்வளவுதானே? அந்த இங்கிலீஷ் தாளில் மூன்று பிழை இருந்தது. பென்சிலில் திருத்தி வைத்திருக்கிறேன், அதோ அந்த ஆணியில் தொங்குகிறது.

கழற்றிவிட்டீர்களா? என்ன, சரியாகத்தான் மாட்டியிருக்கிறதா? அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். ஹாலில் இருப்பவருக்கும் கேட்கட்டும்.

ஹாலில்தான் இருக்கிறார். பேப்பர் படிக்கிறார். காலையிலிருந்து அதே பக்கம். உங்களைப் பார்த்து “வாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பெல்லாம் அப்படி இல்லை. போஸ்ட்மேன் வந்தால்கூட உட்கார வைத்து மழையைப் பற்றிப் பேசுகிற மனிதர். இந்த ஒரு வருஷமாகத்தான். “சாப்பிட வாங்க” என்றால் வருவார். “போதுமா” என்றால் போதும். இந்த ஒரு வருஷத்தில் இவர் தானாக வாயைத் திறந்து என்னிடம் ஒரு குறை சொன்னது இந்தக் கோட்டைப் பற்றி மட்டும்தான். அதனால்தான் நான் விடாமல் உங்கள் கடையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். சரிசெய்யக்கூடிய ஒரு குறை கிடைத்திருக்கிறது, விடுவேனா?

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டீர்கள். படத்துக்குச் சட்டம் போட வேண்டும். எங்கள் மகள் படம். ஜோவிட்டா. ஒரே பெண். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருஷம் திரும்புகிறது. காலையில் கோவிலில் பூசை. பூசை முடிந்து பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து ஜெபம் சொல்லி படத்தை மந்திரித்துக் கொடுப்பார். அதற்கப்புறம்தான் சுவரில் மாட்டுவது, மாலை போடுவது, முன்னால் சின்னதாகச் சிவப்பு பல்பு எரிய விடுவது எல்லாம். ஆணிகூட அடித்தாகிவிட்டது. எலெக்ட்ரீஷியன் வந்து பல்புக்கு வயர் இழுத்துவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. படம்தான் இல்லை. வெறும் சுவரில் ஒரு பல்பு. யாராவது வந்தால் நான் சுவிட்சை அணைத்துவிடுகிறேன்.

ஐயோ பாவம் என்ற முகத்தை வைக்காதீர்கள். ஒரு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துச் சலித்துவிட்டது. மெஷினைப் பாருங்கள்.

இவர் ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் லேத்தில் நின்றவர். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து, அதில் இரண்டு கூடிவிட்டது என்று பீஸைத் தூக்கிப் போடுகிற ஆள். ரிட்டையர் ஆன மறுமாதம் இந்த மைட்டர் மெஷினை வாங்கினார். கோணம் வைத்து அமுக்கினால் மரம் நாற்பத்தைந்து டிகிரியில் பொட்டென்று இரண்டாகும். முதலில் எனக்கு மசாலா டப்பா வைக்கிற ஸ்டாண்ட். அப்புறம் ஜோவிக்குப் புத்தக ஷெல்ஃப். “அப்பா, இதுல தண்ணி ஊத்தினாக்கூட ஒழுகாது போல” என்றாள் அவள். அவ்வளவு நெருக்கம்.

அப்படிப்பட்டவர் ஒரு வருஷமாக ஒரு சட்டம் போட முடியாமல் இருக்கிறார்.

நான் முதலிலேயே சொன்னேன். “கடையில குடுத்தா அரை மணி நேரத்துல கையில குடுத்துருவான், இதுக்கு எதுக்கு இத்தனை நாள்?” என்றேன். “என் பொண்ணு படத்துக்கு நான்தான் போடுவேன்” என்றார். சரி, போடட்டும் என்று விட்டேன். ஜோவி கல்யாணத்துக்குக் கட்டில் செய்ய என்று முதல் தவணையாகக் கொஞ்சம் தேக்கு வாங்கி மாடியில் அடுக்கி வைத்திருந்தோம். அதிலிருந்துதான் பட்டை பட்டையாக அறுத்தார். முதல் சட்டம். கொண்டுவந்து டேபிளில் வைத்தார். மூன்று மூலை கச்சிதம். நாலாவது மூலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. “என்னங்க இது?” என்றேன். “சரியா வரல” என்றார். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது சட்டம். நாலாவது மூலை. மூன்றாவது, அதேதான். எனக்குப் பொறுமை கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். நாலாவது தடவை நான் சத்தம் போட்டேன். “எதிர் வீட்டு டீச்சர் பையன் கல்யாணப் படத்துக்குப் போட்டுக் குடுத்தீங்களே, அதுல நகம்கூட நுழையல. ஊருக்குன்னா கை ஒழுங்கா வேலை செய்யுது, வீட்டுக்குன்னா நடுங்குதா?” என்றேன். இவர் துடைப்பத்தை எடுத்து மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டி முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, “கண்ணு முன்ன மாதிரி இல்ல ஜெசிந்தா. பென்சில் கோடு சரியாத் தெரிய மாட்டேங்குது” என்றார்.

அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். அடுத்த நாளே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டு, “இந்த வயசுக்கு இது ரொம்ப நல்ல பார்வைம்மா, ஊசியிலே நூல் கோக்கலாம்” என்கிறார். அந்த டாக்டர் போட்டிருந்த கண்ணாடி சோடாபுட்டி அடி மாதிரி இருந்தது, அவர் சொல்வதை எங்கே நம்புவது? பென்சில் கோடு தெரியவில்லை என்றால் வெளிச்சக் கோடு தெரியும் அல்லவா? உங்கள் கடையைத் தேடிப் பிடித்து லேசரை வாங்கினேன். மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் தேக்கு மேல் ரத்தச் சிவப்பில் ஒரு கோடு, தலைமுடி கனத்துக்கு. “தெரியுதா?” என்றேன். “தெரியுது” என்றார். “நல்லாத் தெரியுதா?” “நல்லாவே தெரியுது.” எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்று ராகி தோசை சுட்டேன், இவருக்குப் பிடிக்கும்.

லேசர் மாட்டி மூன்று சட்டம் வெட்டிவிட்டார். மூன்றிலும் நாலாவது மூலை. அப்போதுதான் சொன்னார், கோடு ஒரு பக்கம் விழுது, பிளேடு ஒரு பக்கம் இறங்குது என்று.

என்ன, வெட்டிப் பார்க்கிறீர்களா? பாருங்கள். அந்தத் திரையை இழுத்துவிடுங்கள், வெயிலில் கோடு வெளிறும். வேறு கட்டையில் வெட்டுங்கள். அந்தத் தேக்கைத் தொடாதீர்கள். அது ஒன்றுதான் மிச்சம். மாடியில் இருந்ததெல்லாம் முடிந்துவிட்டது. கட்டிலுக்கு வாங்கின மரம் மொத்தமும் மூலையில் கிடக்கிறது பாருங்கள், துண்டு துண்டாக. இனி ஒரே ஒரு சட்டத்துக்குத்தான் மரம். இதுவும் போனால் ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து வெறும் ஆணியைத்தான் மந்திரிக்க வேண்டும்.

இதோ, இது வெறும் பலாக் கட்டை. இதில் வெட்டுங்கள்.

சேர்த்துப் பிடியுங்கள். சேர்கிறது.

இன்னொரு தடவை வெட்டுங்கள்.

இதுவும் சேர்கிறது. சரி. அப்போ இவர் வெட்டும்போது மட்டும் ஏன் சேரவில்லை? பேட்டரி தீர்ந்திருக்குமோ? பலா ஒரு மாதிரி, தேக்கு ஒரு மாதிரி இருக்குமோ? நீங்கள்தான் மெக்கானிக், நீங்கள் சொல்லுங்கள். எத்தனை வருஷமாக இந்த வேலையில் இருக்கிறீர்கள்? பதினெட்டா? அப்போ தெரிந்திருக்க வேண்டும்.

ஏழு சட்டத்தையும் பார்க்க வேண்டுமா? தாராளமாகப் பாருங்கள். ஒன்றைக்கூட இவர் தூக்கிப் போடவில்லை. அந்த அட்டைப் பெட்டியில் அடுக்கி, மேலே துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். வீணாய்ப் போன சட்டத்துக்கு என்ன துணி வேண்டிக்கிடக்கிறது, கேளுங்கள். அவளுடைய பழைய துப்பட்டா.

ஆமாம், ஏழிலும் நாலாவது மூலைதான். ஆமாம், ஏழிலும் ஒரே அளவு இடைவெளிதான், அரை நூல். எனக்கும் தெரியும், ஆசாரிகள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் ஒன்றை நூல் என்பார்கள். அதில் பாதி. நான்கூட அதைத்தான் கடையில் சொன்னேன். கை தவறினால் ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். ஏழு தடவையும் அச்சடித்த மாதிரி அரை நூல் என்றால் அது கையின் தப்பா, மெஷினின் தப்பா? நீங்களே சொல்லுங்கள்.

என்ன சொன்னீர்கள்?

மறுபடி சொல்லுங்கள். மெதுவாக எதற்கு, இதுவரைக்கும் சத்தமாகத்தானே பேசினீர்கள்.

“சார் அளந்துதான் தள்ளியிருக்காரு மேடம். கோடு போட்டிருக்காரு, பென்சில் தடம் அப்படியே இருக்கு. கடைசித் துண்டுல மட்டும் தடத்தை விட்டு வெளியில வெட்டிருக்காரு. ஏழுலயும்.”

எங்கே தடம்? சின்னப் பொட்டு மாதிரி இருக்கிறதே, இதுவா.

இருக்கிறது. இதிலும் இருக்கிறது.

நல்ல கதையாக இருக்கிறது. ஏன் தம்பி, வேண்டுமென்றே ஒரு மனிதர் கட்டில் மரத்தை ஏழு தடவை வீணாக்குவாரா? அதுவும் இவரா? ஒரு ஆணி வளைந்தால் தட்டி நிமிர்த்தி எடுத்து வைக்கிறவர். உங்கள் லேசர் மேல் பழி வரக்கூடாது என்பதற்காக எங்கள் வீட்டு மனுஷர் மேல் போடுகிறீர்கள். உங்கள் முதலாளி நன்றாகச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்.

சரி, என் பங்கும் கொஞ்சம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்தேன் என்று சொல்லக்கூடாது. படத்தை நானும் இரண்டு தடவை மாற்றினேன். முதலில் பட்டமளிப்பு விழாப் படம். பெரிதாகப் போட்டு வந்தபோதுதான் பார்த்தேன், அந்தக் கறுப்புத் தொப்பி நெற்றியை மறைக்கிறது. அவளுக்கு நெற்றிதான் அழகு. அப்புறம் என் தம்பி வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது. அதில் சிரிக்கிறாள், ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பக்கத்தில் யாரையோ பார்த்து. மூன்றாவது, வேலையில் சேர்ந்த அன்றைக்கு இந்த ஸ்கூட்டியில் உட்கார்ந்து எடுத்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. இவரும் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு தடவையும் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளந்துகொண்டார். ஸ்டுடியோக்காரன் என்ன செய்தான் தெரியுமா, நான் கேட்காமலே தலைக்குப் பின்னால் வட்டமாக ஒரு வெளிச்சத்தைப் போட்டு வைத்திருந்தான். “யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க?” என்று அவனை ஒரு வாங்கு வாங்கிவிட்டேன். “எல்லாரும் கேப்பாங்கம்மா” என்கிறான்.

படத்துக்கு அடியில் எழுத்து. தோற்றம் என்று போட்டு ஒரு தேதி, மறைவு என்று போட்டு ஒரு தேதி. முதல் தேதியைக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது தேதியை ஃபோனில் கேட்டுக்கொண்டே இருக்கிறான். “எழுத்து ரொம்பப் பெருசா இருக்கு, முதல்ல அதைச் சின்னது பண்ணுங்க” என்று சொல்லியிருக்கிறேன். பண்ணிவிட்டான். இப்போது ரொம்பச் சின்னதாக இருக்கிறது. ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஊர் இது.

எப்படி என்று கேட்க மாட்டீர்கள், நல்ல பிள்ளை. நானே சொல்கிறேன். காய்ச்சல். வெறும் காய்ச்சல். வேலையில் சேர்ந்து நாலு மாதம். திங்கட்கிழமை காலையில், “அம்மா, உடம்பு ஒரு மாதிரி இருக்கு, இன்னிக்கு லீவு போடட்டா?” என்றாள். தொட்டுப் பார்த்தேன். தெர்மாமீட்டர் வைத்தேன். நூறு. “நூறுக்கெல்லாம் லீவா? எங்க மதர் என்னை நூத்திரெண்டுல பரீட்சை எழுத வெச்சாங்க. ரெண்டு மாத்திரை போட்டுட்டுக் கிளம்பு” என்றேன். கிளம்பினாள். செவ்வாயும் கிளம்பினாள். இவர் வாசலில் நின்று ஸ்கூட்டி போகிறதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுமே” என்று திங்கட்கிழமையே சொன்னார். சொன்னார் என்றா சொன்னேன்? முணுமுணுத்தார். சத்தமாகச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா. கேட்டிருக்க மாட்டேன், அது வேறு. வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு வருஷமாகிறது. இவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “உன்னாலதான்” என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், தட்டைத் தூக்கி எறிந்து சொல்லியிருந்தால் நான் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். வாய்ச் சண்டையில் இவர் என்னை ஜெயித்ததே இல்லை. சொல்லவே இல்லை. இங்கே வந்து நின்றுகொண்டு மரத்தை அளக்கிறார், வெட்டுகிறார், கொண்டுவந்து டேபிளில் வைக்கிறார். “சரியா வரல” என்கிறார். மறுபடி இங்கே வந்துவிடுகிறார்.

ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மெஷின் சுற்றிக்கொண்டிருக்கிறது, மரத்தின் மேல் அந்தச் சிவப்புக் கோடு, இவர் பிளேடை இறக்கவே இல்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். கரண்ட்டுதான் வீணாகிறது என்று நான் ஜன்னலைத் தட்டினேன்.

சரி, போதும் பேச்சு. உங்களுக்கும் வேறு வீடுகள் இருக்கும். ஒன்று செய்யுங்கள். வந்தது வந்துவிட்டீர்கள், அந்தத் தேக்கில் நாலு துண்டையும் நீங்களே வெட்டிக் கொடுத்துவிடுங்கள். அளவு அந்தச் சீட்டில் இருக்கிறது, இவர் கையெழுத்துதான். நீங்கள் வெட்டினால் சேரும். அரை மணி நேர வேலை. நான் கடையில் கொடுத்துச் செய்ததாக நினைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை படம் சுவரில் ஏறிவிடும். எல்லாரும் வந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, போய்விடுவார்கள்.

வெட்டுங்கள். ஒன்று. நேர்த்தியாக இருக்கிறது.

இரண்டு. உங்கள் கை சுத்தமான கை தம்பி, ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று. பாருங்கள், மூன்று துண்டும் எப்படிச் சேர்ந்து உட்கார்ந்துவிட்டது.

என்னங்க, பேப்பர் படித்து முடிந்ததா? உள்ளே வாங்க. ஏன் நிலைப்படியிலேயே நிற்கிறீர்கள்? இந்தத் தம்பி வெட்டித் தருகிறார். மெஷினில் ஒன்றும் கோளாறு இல்லையாம். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம். இப்படிப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், வேலை செய்கிறவருக்குக் கை ஓடாது.

நாலாவதை வையுங்கள் தம்பி. பென்சில் தடத்தை நேராக வையுங்கள். ஸ்விட்சைப் போடுங்கள். ஆ, கோடு விழுகிறது. தடத்தின் மேலேயே விழுகிறது. அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

தம்பி, ஒரு நிமிஷம்.

இல்லை, ஒன்றுமில்லை. கையைக் கொஞ்சம் எடுங்கள். தேக்கு, மழைக்காலத்தில் உப்பும் என்பார்கள். இவ்வளவு நெருக்கமாக வெட்டினால் அப்புறம் மூலை முட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் கோட்டை விட்டு, இந்தப் பக்கம், ரொம்ப வேண்டாம், அரை நூல், அரை நூல் மட்டும் தள்ளி வைத்து வெட்டுங்கள்.

தம்பி, உங்களிடம்தான் சொல்கிறேன். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லையா?

என்னங்க. நீங்களாவது இந்தத் தம்பிகிட்ட சொல்லுங்களேன்.